டெய்லி 85 கிலோமீட்டர் ஓட்டுறேன், எலக்ட்ரிக் கார் வாங்கலாமா அண்ணே?

கேள்வி:

அண்ணே வணக்கம். எங்களுக்கு உசிலம்பட்டி பக்கம் கிராமம். நான் மதுரையில பேங்க்ல வேலை பாக்குறேன், போக வர தெனம் 85 கிலோமீட்டர் கார்லதான். இப்ப இருக்குறது 2013 மாடல் டீசல் கார், 2 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிருச்சு. வீட்டுக்காரர் எலக்ட்ரிக் எடுப்போம்ங்கிறார், அப்பா "நட்டநடு ரோட்டுல நிக்கப் போறீங்க, பெட்ரோல் வண்டியே எடு"ங்கிறார். ஆனா அவரே நேத்து, தோட்டத்து பம்ப்செட் கரண்டு ஃப்ரீதானே, அதுல சார்ஜ் போட்டா செலவே இல்லையேன்னும் கேக்குறார். பட்ஜெட் 13, 14 லட்சம். வருஷத்துக்கு ரெண்டு தடவை சென்னையில தங்கச்சி வீட்டுக்கு, மூணு நாலு தடவை கொடைக்கானல் போவோம். வெயில்ல பேட்டரி சீக்கிரம் போயிரும்னு வேற சொல்றாங்க. பெட்ரோலை விட்டுட்டு எலக்ட்ரிக்குக்கு மாறுற நேரம் வந்துருச்சா இல்லையா, ஒளிவு மறைவு இல்லாம சொல்லுங்கண்ணே.

பதில்:

தங்கச்சி, உங்க லெட்டர்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சது உங்க அப்பாதான். கார் வேணாமாம், ஆனா ஃப்ரீ கரண்டுன்னா ஒரு கை பாப்பாராம். அவருக்கு மொதல்ல பதில் சொல்லிடுறேன், பம்ப்செட் சர்வீஸ்ல கார் சார்ஜ் போடவே கூடாது. அது விவசாயத்துக்குன்னு குடுத்த கனெக்ஷன், அதுல வேற எதுக்கு கரண்டு எடுத்தாலும் 2003 மின்சாரச் சட்டம் 126-ஆவது பிரிவுப்படி அனுமதி இல்லாத உபயோகம்னு கணக்கு போட்டு தீட்டிருவாங்க. இன்னைக்குத் தெரியாது, ஆனா தோட்டத்து மோட்டார் ரூம் பக்கத்துல தெனம் ராத்திரி ஒரு கார் நின்னா ஊருக்குள்ள யாராவது ஒருத்தர் லைன்மேன்கிட்ட சொல்லாம இருக்கப் போறதில்ல. அந்த யோசனைய அத்தோட விட்டுருங்க.

இப்ப உங்க கேள்வி. கார் ரெடியா கார் ரெடியான்னு எல்லாரும் கேக்குறாங்க, கார் ரெடியாகி சில வருஷமாச்சு. 2020 ஜனவரியில டாடாவோட எலக்ட்ரிக் கார் நெக்ஸான் ஈவி வந்ததுல இருந்து இப்ப வரைக்கும் ரோட்டுல ஓடிட்டு இருக்கு, மோட்டார் போச்சுன்னு வர்ற கம்ப்ளைன்ட் ரொம்ப அபூர்வம். ரெடியா இருக்கணும்கிறது நம்ம வீடுதான். சொந்த வீடு, கார் நிறுத்த சொந்த இடம், அந்த இடத்துல ஒழுங்கான எர்த்தோட ஒரு 15 ஆம்பியர் பிளக், தெனம் போற தூரம் இவ்வளவுதான்னு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கிறது, இது இருக்குறவங்களுக்கு எலக்ட்ரிக் கார் இன்னைக்கே பெட்ரோலைவிட தேவலை. இது இல்லாதவங்களுக்கு இன்னும் இல்ல. மதுரை சிம்மக்கல்லுல மாடி வீட்டுல வாடகைக்கு இருந்துக்கிட்டு காரைத் தெருவுல நிறுத்துறவர் எங்கிட்ட இதே கேள்வி கேட்டா, பேசாம பெட்ரோல் எடுங்க சார்னுதான் சொல்லுவேன். வெளிய சார்ஜ் போட்டே காலம் தள்ளணும்னா யூனிட்டுக்கு 20 ரூபா பக்கம் ஆகுது, அது மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதுபோக மெஷின்ல வேற ஒரு வண்டி நிக்கும், இல்லைன்னா மெஷினே தூங்கும்.

நார்வேயில 2024-ல வித்த புது கார்கள்ல நூத்துக்கு 88, 89 எலக்ட்ரிக். அதைக் காட்டி பாருங்கடா உலகமே மாறிடுச்சும்பாங்க. அங்க பெட்ரோல் காருக்கு வரியைப் போட்டு அமுக்கி வச்சிருக்காங்க, பெரும்பாலும் நீர்மின்சாரம், ராத்திரி வீட்டுலயே சார்ஜ் போடுற வசதி இருக்குறவங்க ஏராளம். நம்ம நாட்டுல நூறு புது காருக்கு இன்னும் பத்து கூட எலக்ட்ரிக் இல்ல, அதுக்கு மக்கள் பயப்படுறாங்கன்னு அர்த்தம் இல்ல, பாதிப் பேருக்கு பிளக் போட இடமே இல்ல.

உங்க கணக்குக்கு வருவோம், ஏன்னா உங்க கேஸு நல்ல கேஸு. தெனம் 85 கிலோமீட்டர், உசிலம்பட்டியில இருந்து கருமாத்தூர், செக்கானூரணி, நாகமலை புதுக்கோட்டை வரைக்கும் சீரா ஓட்டம், அப்புறம் காளவாசல்ல நின்னு நின்னு போற ஓட்டம். பெட்ரோல் வண்டிக்கு இந்த நின்னு போறதுதான் எமன், எலக்ட்ரிக்குக்கு அதுதான் சௌகரியம், நிக்கும்போது ஒண்ணும் எரியாது, பிரேக் புடிக்கும்போது கொஞ்சம் கரண்டு திரும்ப பேட்டரிக்கே போகும். சின்ன எஸ்யூவி சைஸ் வண்டி ஏசி போட்டு ஓட்டினா ஒரு யூனிட்டுக்கு ஏழு ஏழரை கிலோமீட்டர்னு வச்சுக்கங்க. சார்ஜ் ஏறும்போது சூட்டுல போற நஷ்டத்தையும் சேத்தா உங்களுக்கு ஒரு நாளைக்கு மீட்டர்ல 13 யூனிட் ஓடும். மாசம் 25 நாள்னா 325, ரெண்டு மாச பில்லுக்கு 650 யூனிட்.

இங்கதான் பல பேர் ஏமாறுறாங்க. யூனிட் அஞ்சு ரூபான்னு கணக்குப் போட்டு வாங்கிருவாங்க, நம்ம ஈபி ஸ்லாப் அப்படி இல்ல. முதல் 100 ஃப்ரீ, 400 வரைக்கும் அஞ்சு ரூபாய்க்குள்ள, 500 தாண்டினா எட்டு ரூபாய்க்கு மேல, 800 தாண்டினா பத்துக்கு மேல. உங்க வீடு இப்ப ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் எரிக்குதுன்னு வைங்க, பில்லு 700 ரூபா சொச்சம் வரும். அதோட காரோட 650-ஐச் சேத்தா 950 யூனிட், பில்லு ஆறாயிரத்து ஐநூறு பக்கம் வந்து நிக்கும். அதைப் பாத்து அப்பா ஒரு சத்தம் போடுவாரு, இப்பவே சொல்லி வச்சிருங்க. ஆக காருக்குன்னு யூனிட்டுக்கு 9 ரூபா, கிலோமீட்டருக்கு ஒண்ணே கால், ஒண்ணரை ரூபா. அதே ரெண்டு மாசத்துல 4,250 கிலோமீட்டர் ஒரு பெட்ரோல் வண்டி ஓடணும்னா லிட்டருக்கு 17 குடுத்தாக்கூட 250 லிட்டர், 25,000 ரூபா. வித்தியாசம் வருஷத்துக்கு லட்சத்தைத் தாண்டுது.

எலக்ட்ரிக் காருக்கு அதே சைஸ் பெட்ரோல் காரைவிட மூணு நாலு லட்சம் கூட. 2025 செப்டம்பர் 22-ல சின்ன பெட்ரோல் கார்களோட ஜிஎஸ்டிய 18 சதவீதமா குறைச்சதுல இந்த இடைவெளி கொஞ்சம் பெருசாயிருச்சு, எலக்ட்ரிக்குக்கு முன்னாடி இருந்த அதே 5 சதவீதம்தான். ரோடு டாக்ஸ் நம்ம மாநிலத்துல எலக்ட்ரிக்குக்கு விலக்கு குடுத்து வச்சிருந்தாங்க, 2023 பாலிசியில 2025 டிசம்பர் வரைக்கும்னு தேதி போட்டிருந்துச்சு, அதனால நீங்க புக் பண்ற அன்னைக்கு ஆன் ரோடு விலைய டாக்ஸ் எவ்வளவுன்னு தனியா பிரிச்சு எழுதி வாங்குங்க. எப்படிப் பாத்தாலும் உங்க ஓட்டத்துக்கு மூணரை, நாலு வருஷத்துல கூடக் குடுத்த காசு திரும்பிரும். மாசம் 400 கிலோமீட்டர் ஓட்டுறவருக்கு இதே காசு திரும்ப பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆகும், அவரு வாங்குனா ஆசைக்கு வாங்குறாரு, லாபத்துக்கு இல்ல.

வீட்டு மேல சோலார் போடுற ஐடியா இருந்தா அதையும் இதோட சேத்து யோசிங்க. பிஎம் சூரிய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம். நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் ஒரு நாளைக்கு நாலு யூனிட் தரும், 3 கிலோவாட்னா 12 யூனிட், உங்க காரோட ஒரு நாள் சாப்பாடு கிட்டத்தட்ட அதேதான். பகல்ல கார் பேங்க்ல நிக்கும், இருந்தாலும் நெட் மீட்டர் (நீங்க ஈபிக்குக் குடுத்த கரண்டை எடுத்ததுல கழிக்கிற மீட்டர்) கணக்குல நேர் ஆயிரும்.

அடுத்தது எர்த், இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க, உங்க அப்பா சொல்ற "நட்டநடு ரோட்டுல நிக்கிறது" ரோட்டுல நடக்கிறதைவிட வீட்டு போர்ட்டிகோவுலதான் ஜாஸ்தி நடக்குது. காரை டெலிவரி எடுத்து, பூஜை போட்டு, ராத்திரி பிளக் மாட்டினா சார்ஜர்ல செவப்பு லைட்டு எரியும், சார்ஜ் ஏறாது. கார் ரிப்பேர்னு ஷோரூமுக்கு போன் போட்டு சண்டை போடுவாங்க. காருக்கு ஒண்ணும் இல்ல. எர்த் சரியில்லைன்னா சார்ஜர் வேலையே பாக்காது, அது பாதுகாப்புக்காக வச்ச ஏற்பாடு. நம்ம பக்கத்து கிராமத்து வீடுகள்ல எர்த் குழி வீடு கட்டும்போது தோண்டினதோட சரி, உப்பும் கரியும் போட்டு மூடினவங்க அப்புறம் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டாங்க, சித்திரை வைகாசியில மண்ணு காஞ்சு கெடந்தா எர்த் இருந்தும் இல்லாத மாதிரிதான். வயர்மேனைக் கூப்பிட்டு மல்டிமீட்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல வச்சுப் பாக்கச் சொல்லுங்க, ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள காட்டினா நிம்மதி. அஞ்சைத் தாண்டி பத்து பதினஞ்சுன்னு காட்டினா காருக்குன்னு தனியா புது எர்த் குழி போடுங்க, கோடையில வாரம் ஒருக்கா ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க, அம்புட்டுதான் சோலி. அதோட மெயின் போர்டுல இருந்து தனி லைன் இழுங்க, 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், தனி எம்சிபி (லோடு கூடினா தானா விழுற சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா உடனே கட் பண்றது). வாஷிங் மெஷினுக்குப் போட்ட பழைய சாக்கெட்டுல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டி சார்ஜ் போடுற வேலையே வேணாம், நாலு மணி நேரம் விடாம 13 ஆம்பியர் இழுக்கும்போது அந்த பிளாஸ்டிக் மெதுவா உருக ஆரம்பிக்கும், எரிஞ்ச வாசனை வந்தப்புறம்தான் எந்திரிச்சு வருவீங்க. ஈபி ஏஇ ஆபீஸ்ல சாங்ஷன் லோடு (உங்க வீட்டுக்கு அனுமதிச்ச கரண்டு அளவு) எவ்வளவுன்னு பாத்து கூட்டி வாங்கிக்கங்க.

பெரிய 7.2 கிலோவாட் வால் சார்ஜர் ஷோரூம்ல தலையில கட்டப் பாப்பாங்க, உங்களுக்குத் தேவையில்ல. 13 யூனிட் ஏத்த சாதா பிளக்ல நாலரை மணி நேரம். சாயங்காலம் ஊருல வோல்டேஜ் எறங்கும், அதனால வண்டியில டைமர் வச்சு ராத்திரி பதினொண்ணுக்கு மேல ஏறுற மாதிரி செட் பண்ணிருங்க. வெயில்ல ஓடி வந்த சூட்டோட உடனே சார்ஜ் போடாம பேட்டரி ஆறிக்கிறதுக்கும் அது நல்லது.

வெயிலுக்கு பேட்டரி போயிரும்ங்கிறது பாதி உண்மை. சூடு லித்தியம் பேட்டரிக்கு ஆகாது, ஆனா இப்ப வர்ற நல்ல கார்கள்ல பேட்டரியைச் சுத்தி கூலன்ட் ஓடுது, ரேடியேட்டர் மாதிரி சூட்டை இழுத்துரும். நீங்க வாங்குற வண்டியில லிக்விட் கூலிங் இருக்கான்னு கேளுங்க, இல்லைன்னா அந்த வண்டி மதுரைக்கு வேணாம். ரெண்டாவது, பேட்டரி எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகையான்னு கேளுங்க, அது சூட்டையும் தாங்கும், தீப்பிடிக்கிற வாய்ப்பும் மத்த வகையைவிடக் குறைச்சல், அதை வாரத்துக்கு ஒருக்கா ஃபுல்லா ஏத்துறது நல்லது, அப்பதான் மீட்டர் காட்டுற சதவீதம் சரியா இருக்கும். ஃபுல் சார்ஜ் பண்ணி ரெண்டு நாள் அக்னி நட்சத்திர வெயில்ல சும்மா நிறுத்தி வைக்கிறது மட்டும் வேணாம். பேங்க்ல நிழல் பாத்து நிறுத்துங்க.

வாரண்டியில ஒரு சூட்சுமம் இருக்கு, உங்களுக்குன்னே சொல்றேன். பல வண்டிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர்னு போட்டிருப்பாங்க, இதுல எது முன்னாடி வருதோ அது. எல்லாரும் 8 வருஷத்தை மட்டும் பாப்பாங்க. நீங்க வருஷத்துக்கு 25,000-க்கு மேல ஓட்டுறீங்க, அப்படி இருந்தா ஆறு வருஷம் சொச்சத்துல உங்க வாரண்டி முடிஞ்சிரும். அதனால கிலோமீட்டர் கூட இருக்குற வாரண்டி, இல்லைன்னா காசு கட்டி நீட்டிக்கிற வாரண்டி இருக்கான்னு பேரம் பேசுங்க, பேட்டரி கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழ போனா மாத்திக் குடுப்பீங்கன்னு எழுத்துல வாங்குங்க. வாயில சொல்றதை நம்பாதீங்க, சொன்ன பையன் ஆறு வருஷம் கழிச்சு வேற ஷோரூம்ல வேற கார் வித்துட்டு இருப்பான்.

கொடைக்கானல் கேட்டீங்க. உங்க ஊருல இருந்து வத்தலகுண்டு வழியா 100 கிலோமீட்டர் பக்கம், அதுல 1,800 மீட்டர் ஏத்தம். வண்டியும் நாலு பேருமா 1,700 கிலோவை அவ்வளவு உசரம் தூக்க மட்டும் எட்டு யூனிட் வேணும், ஓடுறதுக்கு ஒரு 13, ஆக 21, 22 யூனிட். 35 யூனிட் கொள்ளுற பேட்டரின்னா மேல போய்ச் சேரும்போது மூணுல ஒரு பங்கு மிச்சம் இருக்கும். பயப்பட ஒண்ணுமில்ல. இறங்கும்போது கால எடுத்தாலே மோட்டாரே வண்டியப் புடிச்சு கரண்டு பண்ணும், வத்தலகுண்டு வர்ற வரைக்கும் சார்ஜ் பெருசா எறங்காது, சில சமயம் கூடவும் செய்யும். ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, மேல லாட்ஜ்ல ராத்திரி 100 சதவீதம் ஏத்திட்டு காலையில எறங்காதீங்க. பேட்டரி நெறஞ்சிருந்தா திரும்ப வர்ற கரண்டுக்கு இடம் இருக்காது, அந்த மோட்டார் புடிப்பு கெடைக்காது, அத்தனை வளைவும் பிரேக்கை மிதிச்சே எறங்கணும். எழுபது, எண்பதோட நிறுத்திக்கங்க.

சென்னை வேற கதை. உங்க ஊருல இருந்து 500 கிலோமீட்டர். கம்பெனி சொல்ற ரேஞ்சுல மூணுல ரெண்டு பங்குதான் நிஜம், ஹைவேயில 100-ல விரட்டினா அதுவும் வராது. ரெண்டு, மூணு எடத்துல நிக்கணும், ஒவ்வொண்ணும் முக்கால் மணி நேரம், திருச்சி வழியில ஹோட்டல்கள்ல ஃபாஸ்ட் சார்ஜர் இருக்கு, ஆனா ஒவ்வொரு கம்பெனிக்கும் போன்ல ஒரு தனி ஆப், ஒவ்வொண்ணுலயும் வாலட்டுல காசு போடணும். சார்ஜ் 25 சதவீதம் இருக்கும்போதே அடுத்த எடத்தைப் பாக்கணும், அந்த மெஷின்ல கடைசியா யாரு எப்ப சார்ஜ் போட்டாங்கன்னு அந்த ஆப்ல பாத்துட்டுப் போகணும். சாதாரண நாள்ல சமாளிச்சிரலாம். பொங்கல், தீபாவளிக்கு உங்களுக்கு முன்னாடி மூணு வண்டி நின்னா முடிஞ்சுச்சு. வருஷத்துல ரெண்டு தடவை போற பயணத்துக்காக 14 லட்ச ரூபா முடிவை மாத்தாதீங்க, பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல ஏறிப் படுத்தா காலையில எழும்பூர், உங்க தங்கச்சி வந்து கூப்பிட்டுக்கட்டும்.

இல்ல, கார்லதான் போவோம்னா அதுக்குத்தான் இருக்கவே இருக்கு உங்க பழைய டீசல். அதை எக்ஸ்சேஞ்சுல குடுக்காதீங்க. 2 லட்சம் ஓடின வண்டிக்கு அவங்க குடுக்கப் போறது சொற்பம். பத்து வருஷ டீசல் வண்டிக்குத் தடைன்னு வாட்ஸ்அப்ல வர்றதெல்லாம் டெல்லி கதை, நம்மூர்ல 2028-ல பதினஞ்சு வருஷம் முடியும்போது எஃப்சி காட்டி ஆர்சி புதுப்பிக்கணும், அது வரைக்கும் ஓட்டலாம். அப்பா தோட்டத்துக்கு உர மூட்டை ஏத்திட்டுப் போகவும் ஆச்சு. ரெண்டு வண்டி இன்சூரன்ஸ் கட்டணும்கிறது ஒரு சடவுதான், இருந்தாலும் ரெண்டு வருஷம் எலக்ட்ரிக்கை ஓட்டிப் பாத்துட்டு அப்ப முடிவு பண்ணிக்கலாம்.

எனக்கு உண்மையிலேயே குறையாத் தெரியறது ரிப்பேர்தான். ஆயில் மாத்த வேணாம், கிளட்ச் இல்ல, பிரேக் பேடு தேயறதே குறைவு, என்னை மாதிரி ஒர்க்‌ஷாப்காரனுக்கு வயித்துல ஈரத்துணிதான், ஆனா ஏதாவது ஒண்ணுன்னா உசிலம்பட்டியில தொடுறதுக்கு ஆள் இல்ல. ஆரஞ்சு கலர் கேபிள்ல ஓடுறது முன்னூறு வோல்ட்டுக்கு மேல, பயிற்சி இல்லாதவன் கை வச்சா ஆளே போயிருவான், அதனால எல்லாத்துக்கும் மதுரை ஷோரூம்தான். ரோட்டுல நின்னா கயித்தைக் கட்டி இழுக்கக் கூடாது, மோட்டார் கெட்டுப்போகும், ஃபிளாட்பெட்டுல ஏத்தணும். அதனால கார் பிடிச்சிருக்கான்னு பாக்குறதுக்கு முன்னாடி அந்தக் கம்பெனியோட சர்வீஸ் சென்டருக்கு ஒரு நாள் வெள்ளன போங்க, காலை ஒன்பது மணிக்கு வாசல்ல நில்லுங்க, வண்டி விட வர்ற ரெண்டு எலக்ட்ரிக் ஓனர்ககிட்ட பேச்சு குடுங்க, பார்ட்ஸ் வர எத்தனை நாள் ஆகுதுன்னு கேளுங்க. டெஸ்ட் டிரைவ்ல தெரியாதது அங்க தெரியும். எலி விஷயத்துலயும் சாக்கிரதை, தோட்டத்து வீடு, ஒயரைக் கடிச்சா பெட்ரோல் காரைவிடச் செலவு ஜாஸ்தி, இன்சூரன்ஸ்ல எலி கடிச்சதுக்கு குடுப்பாங்களான்னு பாத்து எடுங்க.

எந்த வண்டின்னு நீங்க கேக்கல, கேக்காமலே சொல்றேன். உங்க பட்ஜெட்டுக்கு 35-ல இருந்து 45 யூனிட் பேட்டரிக்குள்ள பாருங்க, பஞ்ச் ஈவி பெரிய பேட்டரி, நெக்ஸான் ஈவி, எம்ஜி வின்ட்சர் எல்லாம் அந்த வட்டத்துல வரும், எந்த மாடல் பட்ஜெட்டுக்குள்ள நிக்குதுன்னு ஆன் ரோடு விலைய வச்சுப் பாத்துக்கங்க. 24 யூனிட் பேட்டரி சின்ன வண்டியும் 85 கிலோமீட்டர் போகும், ஆனா அதுல பாதியைத் தெனம் காலி பண்ணணும், ஏழு வருஷம் கழிச்சு பேட்டரி தேஞ்சா கைவசம் மிச்சம் ரொம்பக் குறைஞ்சிரும். பேட்டரிய வாடகைக்கு எடுக்குற திட்டம் வந்திருக்கு, வின்ட்சருக்கு கிலோமீட்டருக்கு மூணரை ரூபான்னு ஆரம்பிச்சாங்க, கார் விலை கம்மியாத் தெரியும். உங்க ஓட்டத்துக்கு அது மாசம் ஏழாயிரத்துக்கு மேல வாடகை, கரண்டுச் செலவு தனி, மிச்சம் பிடிக்கிற காசெல்லாம் அங்க போயிரும். வேணாம்.

கரியில இருந்துதானே கரண்டு வருதுன்னு வீட்டுல யாராவது ஆரம்பிச்சா, ஆமா பெரும்பங்கு அதுதான், ஆனா பெட்ரோல் இன்ஜின் குடிக்கிற எரிபொருள்ல கால்வாசி சொச்சம்தான் சக்கரத்துக்குப் போகுது, மிச்சம் சூடா போயிருது, மோட்டார் எண்பது சதவீதத்துக்கு மேல சக்கரத்துக்குக் குடுத்துரும்னு சொல்லுங்க. போதாததுக்கு ஆண்டிப்பட்டி கணவாய் தாண்டி தேனிப் பக்கம் சுத்துற காத்தாடியைக் காட்டுங்க.

எடுங்க தங்கச்சி, உங்களுக்கு எலக்ட்ரிக் தாராளமா ஆகும். ஆனா அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி வயர்மேன் வந்து எர்த் பாக்கட்டும். நியூட்ரல் எர்த் ரீடிங் எவ்வளவுன்னு எனக்கு எழுதுங்க, அஞ்சு வோல்ட்டுக்கு மேல இருந்தா புது குழி போட்டு, மறுபடி அளந்து பாத்துட்டு புக் பண்ணுங்க.